நகர எல்லையைத் தாண்டிய மருத்துவர்

கிள்ளான் துறைமுகம் இன்று உலகின் பரபரப்பான துறைமுகங்களுள் ஒன்று. இரவும் பகலும் அங்கே கொள்கலன்கள் ஏற்றி இறக்கப்படுகின்றன. ஆனால், 1901ஆம் ஆண்டில் இந்தத் துறைமுகம் திறக்கப்பட்ட சில வாரங்களிலேயே, இதை மூடிவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. காரணம், போரோ புயலோ அன்று. விரல் நகத்தின் அளவுகூட இல்லாத ஒரு கொசு!

அந்தக் கொசுவை எதிர்த்து நின்று, கிள்ளான் நகரையும் துறைமுகத்தையும் காப்பாற்றியவர் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர். நகரைக் காத்ததோடு அவர் பணி முடிந்திருந்தால் வரலாறு அவரை ஒரு திறமையான அதிகாரியாக மட்டுமே நினைவில் வைத்திருக்கும். ஆனால், நகர எல்லைக்கு வெளியே, ரப்பர்த் தோட்டங்களில் மடிந்துகொண்டிருந்த தொழிலாளர்களையும் அவர் கண்டார். அவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர்.

கிள்ளானுக்கு வந்த இளைஞர்

மால்கம் வாட்சன் 1873ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1900ஆம் ஆண்டில் மலாயாவின் அரசாங்க மருத்துவப் பணியில் சேர்ந்தார். மறு ஆண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் மாவட்டத்திற்கு மருத்துவராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27.

அந்தக் காலத்தில் மலாயாவில் மிகுதியான உயிர்களைப் பறித்த நோய் மலேரியா. குளிரும் நடுக்கமும் உண்டாக்கும் இக்காய்ச்சல், சதுப்பு நிலங்களிலிருந்து எழும் கெட்ட காற்றால் உண்டாகிறது என்றே மக்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1897ஆம் ஆண்டில், இந்தியாவின் செகந்திராபாத் நகரில் பணியாற்றிய ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டுபிடித்தார். காற்று அன்று, கொசுவே குற்றவாளி என்பது புலனாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக ராஸ் 1902ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

ஆயினும், ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை மக்களின் வாழ்வை மாற்றுவதற்குக் காலம் தேவைப்பட்டது. கொசுதான் காரணம் என்றால் கொசுவை என்ன செய்வது? கடல்போல் பரந்து கிடக்கும் காட்டிலும் சதுப்பிலும் கொசுவை ஒழிக்க முடியுமா? அது வீண் செலவு என்று பலர் எண்ணினர். காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொயினா மருந்து கொடுத்தால் போதும் என்று வேறு சிலர் கருதினர். வாட்சன் கிள்ளானுக்கு வந்தபோது இவ்விவாதம் முடிவு பெறாமலே இருந்தது.

சதுப்பு நிலத்து நகரம்

அன்றைய கிள்ளான், ஆற்றங்கரையில் அமைந்த ஒரு சிறிய நகரம். சிறு குன்றுகளும் அவற்றுக்கிடையே சதுப்பு நிலங்களும் நிறைந்த இடம் அது. வீடுகளுக்குப் பின்னாலேயே நீர் தேங்கிக் கிடந்தது. நகரை ஒட்டி அடர்ந்த காடு இருந்தது.

1901ஆம் ஆண்டில் கிள்ளானில் மலேரியா கடுமையாகப் பரவியது. மருத்துவமனையில் நோயாளிகள் குவிந்தனர். கடைக்காரர், எழுத்தர், காவலர், இரயில்வேத் தொழிலாளி, சாலை போடும் தொழிலாளி என எவரையும் அது விட்டுவைக்கவில்லை. எனினும், எல்லாரும் ஒரே அளவில் துன்பப்படவில்லை. அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்களுக்கு நோய் என்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. கூலி இல்லாமற்போனால் நல்ல உணவும் இல்லை. உடல் மேலும் மெலிய, அடுத்த காய்ச்சல் இன்னும் கடுமையாகத் தாக்கியது.

இந்நிலையில், ஒரு மருத்துவர் செய்யக்கூடிய எளிய செயல், வந்தவர்களுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதுதான். வாட்சன் அதையும் செய்தார். அதற்கு மேலும் ஒன்றைச் செய்தார். காய்ச்சலோடு வந்த ஒவ்வொருவரும் எங்கே குடியிருக்கிறார் என்பதைக் கேட்டுப் பதிவு செய்தார். கிள்ளான் நகரத்தினர் எத்தனை பேர், துறைமுகத்தினர் எத்தனை பேர், மாவட்டத்தின் பிற பகுதியினர் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கணக்கெடுத்தார். பார்ப்பதற்கு இது சாதாரண எழுத்து வேலைதான். ஆயினும், பின்னாளில் அவர் செய்த அத்தனை பணிகளுக்கும் இந்தக் கணக்கே அடித்தளமாக அமைந்தது.

மருந்தா? வடிகாலா?

அக்காலத்தில் மலாய் மாநிலங்களின் நகரங்களைச் சுகாதார வாரியங்கள் நிர்வகித்தன. தெருக்களைத் துப்புரவாக வைத்திருப்பது, கால்வாய் அமைப்பது, கட்டடங்களைக் கண்காணிப்பது ஆகியவை அவற்றின் கடமைகள். இன்றைய நகராண்மைக் கழகங்களுக்கு இவ்வாரியங்களே முன்னோடிகள்.

நகர எல்லைக்குள் உள்ள சதுப்பு நிலங்களில் நீரை வடியச் செய்ய வேண்டும். பள்ளங்களைத் தூர்க்க வேண்டும். குடியிருப்புகளை ஒட்டிய காட்டை அழிக்க வேண்டும். இவையே வாட்சன் நகர நிர்வாகத்திற்கு அளித்த பரிந்துரைகள். சிலாங்கூர் மாநிலத்தின் தலைமை மருத்துவராக இருந்த டிராவர்ஸ் இதற்கு முழு ஆதரவு நல்கினார். மாநில அரசாங்கமும் நிதி ஒதுக்கியது.

வாட்சன் ஏன் மருந்தை மட்டும் நம்பவில்லை? கொயினா மிகவும் கசப்பானது. அதை நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். களைத்து வரும் தொழிலாளியும், அழும் குழந்தையும் அதை மறுப்பது இயல்பு. கொசுவலையும் கம்பிவலைக் கதவும் அன்றைய தொழிலாளர் குடியிருப்புகளுக்கு எட்டாக்கனி. எனவே, ஒவ்வொருவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதைவிட, ஆபத்தையே அந்த இடத்திலிருந்து அகற்றுவது சிறந்தது என அவர் கருதினார். தொழிலிடப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் இன்றும் முதலில் வலியுறுத்தும் கொள்கை இதுதான்.

வேலை தொடங்கியது. குன்றுகளின் அடிவாரத்தில் ஊற்றெடுக்கும் நீர் பரவித் தேங்காதவாறு கால்வாய்கள் வெட்டப்பட்டன. பள்ளங்கள் நிரப்பப்பட்டன. காடு பின்னுக்குத் தள்ளப்பட்டது. மண்வெட்டியும் கூடையும் ஏந்தி, சேற்றில் இறங்கி இந்த வேலையைச் செய்தவர்கள் தொழிலாளர்களே. அவர்களுள் பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கிள்ளானைக் காத்த பெருமையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

துறைமுகத்துக்கு வந்த சோதனை

கிள்ளான் நகரில் பணி நடந்துகொண்டிருந்தபோதே, ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு புதிய துறைமுகம் உருவாகிக்கொண்டிருந்தது. கோலாலம்பூரிலிருந்து வரும் இரயில் பாதை அதுவரை நீட்டிக்கப்பட்டது. 1901 செப்டம்பரில் அது போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. நாம் இன்று கிள்ளான் துறைமுகம் என்று அழைப்பது இதைத்தான்.

துறைமுகம் அமைந்த இடம் கடலோரச் சதுப்பு நிலம். கடல் ஏறும்போதெல்லாம் உப்புநீர் உள்ளே புகுந்து தேங்கியது. இரயில்வே, துறைமுகப் பணிகளுக்காக நூற்றுக்கணக்கானோர் திடீரென அங்கே குடியமர்த்தப்பட்டனர். சில வாரங்களுக்குள் மலேரியா வெடித்துப் பரவியது. அங்குப் பணியாற்றிய அரசு ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தனர். சரக்கை இறக்க ஆளில்லை. மாநிலத்தின் பெருமையாகத் திகழ வேண்டிய துறைமுகம், மூடப்படும் நிலைக்கு வந்தது.

வாட்சனும் டிராவர்சும் கிள்ளானில் தொடங்கிய வழியையே இங்கும் பின்பற்றுமாறு வலியுறுத்தினர். கடல்நீர் உள்ளே வராதபடி கரைகள் எழுப்பப்பட்டன. உள்ளே சேரும் மழைநீர் வெளியேறக் கால்வாய்களும் மதகுகளும் அமைக்கப்பட்டன. கடலோரக் காடு வெட்டப்பட்டது. துறைமுகம் மூடப்படவில்லை.

எண்கள் சொன்ன உண்மை

இத்தனை செலவும் உழைப்பும் பயன் தந்தனவா? இதற்கு விடை கூற வாட்சனிடம் அவருடைய கணக்கு இருந்தது.

1901ஆம் ஆண்டில் கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 334 பேர். 1902இல் அந்த எண்ணிக்கை 129ஆகக் குறைந்தது. 1903இல் 48, 1904இல் 28, 1905இல் 12 என அது தொடர்ந்து இறங்கியது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901ஆம் ஆண்டில் எல்லா நோய்களாலும் இறந்தவர்கள் 582 பேர். மறு ஆண்டில் இறந்தவர்கள் 144 பேர்.

இன்னொரு கணக்கையும் அவர் காட்டினார். 1901ஆம் ஆண்டில் மலேரியாவின் காரணமாக அரசு ஊழியர்களுக்கு 1026 நாள் மருத்துவ விடுப்பு வழங்கப்பட்டது. 1905இல் அது 30 நாளாகக் குறைந்தது. மக்களின் உடல்நலத்துக்குச் செய்யும் செலவு வீணன்று. வேலையும் வருமானமும் அதனால் பெருகும் என்பதைச் செலவுக் கணக்கு பார்க்கும் அதிகாரிகளும் இதைக் கண்டு உணர்ந்தனர்.

ராஸின் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தி ஒரு நகரையே மலேரியாவிலிருந்து மீட்ட முயற்சிகளுள், உலகிலேயே முதன்மையானவற்றில் ஒன்றாகக் கிள்ளான் போற்றப்பட்டது.

அதே ஏட்டில் மற்றொரு வரிசையும் இருந்தது. கிள்ளான் மாவட்டத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்த மலேரியா நோயாளிகளின் வரிசை அது. 1901இல் அவர்கள் 197 பேர். 1904இல் 266 பேர். 1905இல் 353 பேர்! நகருக்குள் நோய் குறைந்துகொண்டே வர, நகருக்கு வெளியே அது ஏறிக்கொண்டே போனது.

வாட்சனுக்கு இந்த வேறுபாடு இரண்டு உண்மைகளைக் கூறியது. முதலாவது, நகரில் நோய் குறைந்தது தற்செயலாக நடந்ததன்று. வெளியே நோய் பெருகிய அதே ஆண்டுகளில் உள்ளே அது குறைந்ததற்கு வடிகால் திட்டமே காரணம். இரண்டாவது உண்மை கசப்பானது. பாதுகாப்பு நகர எல்லையோடு நின்றுவிட்டது. எல்லைக்கு அப்பால் வாழ்ந்தவர்களுக்குக் கால்வாயும் இல்லை; கரையும் இல்லை.

எல்லைக்கு அப்பால்

எல்லைக்கு அப்பால் வாழ்ந்தவர்கள் யார்? அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகில் ரப்பரின் தேவை பெருகியது. சிலாங்கூரில் காடுகள் அழிக்கப்பட்டுப் புதிய தோட்டங்கள் உருவாயின. அவற்றில் வேலை செய்யத் தமிழகத்தின் திருச்சி, சேலம், தஞ்சாவூர், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி வந்தனர். சிலர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். சிலர் கங்காணிகள் மூலம் வந்தனர். வறுமையிலும் பஞ்சத்திலும் உடல் மெலிந்து வந்த அவர்களுக்குக் காடு வெட்டுவதும், கால்வாய் தோண்டுவதும், மரம் நடுவதும் முதல் வேலைகளாக அமைந்தன.

விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நாள் முழுதும் உழைத்து, மாலையில் காட்டோரத்து லயத்தில் வந்து படுத்தனர். இருட்டியதும் கொசுக்கள் வந்தன. அன்றைய தோட்டங்களில் சிலவற்றில், ஓர் ஆண்டில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு நூறு பேருக்கு மேல் இறந்தனர். குழந்தைகளின் சாவு இன்னும் கொடியது. ஊருக்குப் பணம் அனுப்பலாம், சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்ற கனவோடு வந்த பலர், ஊர் திரும்பாமலே இந்த மண்ணில் புதைந்தனர்.

இத்தனை பேர் ஏன் இறக்கின்றனர் என்ற கேள்விக்கு அன்று பலர் எளிதான விடை ஒன்றை வைத்திருந்தனர். தொழிலாளர்கள் ஏற்கெனவே பலவீனமானவர்கள், சுத்தம் பேணாதவர்கள், புதிய சூழலைத் தாங்காதவர்கள் என்று அவர்கள் மீதே பழியைப் போட்டனர். வாட்சன் இங்கும் தம் பழைய கேள்வியையே கேட்டார்: அவர்கள் எங்கே வாழ்கிறார்கள்?

தோட்டம் தோட்டமாகச் சென்றார். லயங்களில் உள்ள குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரின் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார். மலேரியா அடிக்கடி தாக்கும் குழந்தைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில், எத்தனை குழந்தைகளுக்கு வீக்கம் உள்ளது என்று குறித்துக்கொண்டார். ஒரே ஊரிலிருந்து வந்த, ஒரே உணவை உண்ட, ஒரே வேலையைச் செய்த மக்களிடையே பெரும் வேறுபாடு தெரிந்தது. காட்டை ஒட்டிய லயங்களில் பெரும்பாலான குழந்தைகளுக்கு வீக்கம் இருந்தது. நன்கு வடிகால் வெட்டப்பட்டுக் காட்டிலிருந்து விலகியிருந்த சமவெளி லயங்களில் அது மிகவும் குறைவாக இருந்தது.

ஆகவே, குறை மக்களிடம் இல்லை, இடத்தில்தான் இருந்தது. லயத்தைச் சுற்றி ஏறத்தாழ அரை மைல் தொலைவுக்குக் காடும் சதுப்பும் இல்லாமல் செய்தால், சமவெளித் தோட்டங்களில் மலேரியாவை அடக்கிவிடலாம் என்று வாட்சன் கண்டார். பின்னர் அவர் அரசுப் பணியிலிருந்து விலகித் தோட்ட மருத்துவமனைகளின் மருத்துவராகப் பொறுப்பேற்று, தோட்டத் தொழிலாளர்களின் நலனிலேயே முழுக் கவனம் செலுத்தினார்.

மேட்டு நிலங்களின் புதிர்

சமவெளியில் வெற்றி கண்ட முறை எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. பத்து தீகாவை அடுத்த மேட்டு நிலத் தோட்டங்களில் காட்டை வெட்டினார்கள். பள்ளத்தாக்குகளில் கால்வாய் தோண்டினார்கள். நீர் தேங்காமல் தெளிவாக ஓடியது. ஆனால், மலேரியா குறையவில்லை. சில இடங்களில் முன்பைவிடக் கூடியது!

இந்தப் புதிருக்கு விடை கொசுவிடமே இருந்தது. மலேரியாவைப் பரப்பும் கொசுக்கள் பல வகைப்படும். சமவெளிக் காட்டுக் கொசு, நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும். நிழலும் தேங்கிய நீரும் போய்விட்டால் அதற்கு வாழ்விடம் இல்லை. மேட்டு நிலத்தில் மக்குலேட்டஸ் என்ற வேறொரு கொசு இருந்தது. அது வெயில் படும், தெளிந்து ஓடும் சிற்றோடையைத்தான் விரும்பும். காட்டை வெட்டி, ஓடையின் மீது வெயில் படச் செய்தபோது, மனிதர்களே அந்தக் கொசுவுக்கு வசதி செய்து கொடுத்துவிட்டனர்.

கிள்ளானில் கிடைத்த புகழோடு நிறைவடைந்திருந்தால், வாட்சன் இவ்வுண்மையை ஏற்றிருக்க மாட்டார். அவரோ, தமது முறை எல்லா நிலத்துக்கும் பொருந்தாது என்பதை வெளிப்படையாக எழுதினார். வேறு வழி தேடினார். ஊற்று நீர் வெயிலில் ஓடாமல், மண்ணுக்கடியில் புதைத்த குழாய்களின் வழி ஓடுமாறு செய்தார். கொசு முட்டையிட நீரே வெளியில் தெரியவில்லை. நிலத்தடி வடிகால் முறை என்று அழைக்கப்பட்ட இவ்வழி, மேட்டு நிலத் தோட்டங்களில் நல்ல பலன் அளித்தது.

பனாமாக் கால்வாய்ப் பகுதிக்கும் அவர் நேரில் சென்றார். ஆயிரக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்துக் கால்வாய் வெட்டிய அவ்விடத்தில் கொசுவை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள் என்று ஆராய்ந்தார். நீரின் மேற்பரப்பில் எண்ணெய் தெளித்துக் கொசுப் புழுக்களைக் கொல்லும் முறை மலாயாத் தோட்டங்களிலும் பரவியது. முதுகில் எண்ணெய்த் தெளிப்பானைச் சுமந்து ஓடையோரம் செல்லும் தொழிலாளி, பிற்காலத் தோட்டங்களில் வழக்கமான காட்சியானார்.

தாம் கண்டவற்றை வாட்சன் நூல்களாகவும் எழுதினார். ஐக்கிய மலாய் மாநிலங்களில் மலேரியாத் தடுப்பைப் பற்றிய அவருடைய நூல் 1911ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு நாட்டில் உள்ள எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க வேண்டியதில்லை. அந்தந்த இடத்தில் நோயைப் பரப்பும் கொசு வகையை அறிந்து, அதன் வாழ்விடத்தை மட்டும் மாற்றினால் போதும் என்ற கருத்து உலக மருத்துவத்துக்கு மலாயா வழங்கிய கொடையாகும்.

அரசின் கடமை

தனி ஒரு மருத்துவரின் முயற்சி மட்டும் போதுமா? போதாது. கால்வாய் வெட்டப் பணம் வேண்டும். வெட்டிய கால்வாயைப் பராமரிக்க ஆள் வேண்டும். மறுப்பவரைச் செய்ய வைக்கச் சட்டம் வேண்டும். இவற்றைத் தரக்கூடியது அரசாங்கம்தான்.

ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1911ஆம் ஆண்டில் மலேரியா ஆலோசனை வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டில் தொழிலாளர் துறை தோற்றுவிக்கப்பட்டது. தோட்டங்களில் மருத்துவமனை, குடிநீர், லயங்களின் நிலை ஆகியவற்றை அதிகாரிகள் பார்வையிடத் தொடங்கினர். தோட்ட மருத்துவமனைகளில் டிரசர் எனப்படும் மருத்துவ உதவியாளர்கள் பணியாற்றினர்.

இவையெல்லாம் தொழிலாளர் மீது கொண்ட அன்பினால் மட்டும் நடந்தவை அல்ல. நோயில் விழுந்த தொழிலாளியால் பால்மரம் சீவ முடியாது. சாவு மலிந்த தோட்டத்துக்கு ஆள் கிடைக்காது. முதலாளிகளும் அரசாங்கமும் தங்கள் வருமானத்தையும் எண்ணிப் பார்த்தனர். லயத்து வாழ்க்கையின் மற்றத் துன்பங்களான குறைந்த கூலியும், இட நெருக்கடியும், கடனும் வடிகாலோடு வடிந்துவிடவில்லை. எனினும், ஒரு கால்வாய் சரியான இடத்தில் வெட்டப்பட்டதால் பிழைத்த குழந்தைகள் பலர். அவர்கள் வளர்ந்தார்கள், இந்நாட்டிலேயே வேரூன்றினார்கள்.

உலகம் போற்றிய பணி

மருத்துவப் பணிக்காக 1924ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் வாட்சனுக்கு 'சர்' பட்டம் வழங்கியது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக மலாயாவில் உழைத்த அவர், 1928ஆம் ஆண்டில் இங்கிருந்து விடைபெற்றார். இலண்டனில், ரொனால்ட் ராஸின் பெயரால் நிறுவப்பட்ட ஆய்வுக் கழகத்தில் மலேரியாத் தடுப்புப் பணிக்குப் பொறுப்பேற்றார்.

இன்று சாம்பியா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டின் செப்புச் சுரங்கங்களிலும் இதே துயரம் நிகழ்ந்துகொண்டிருந்தது. தொலைவான ஊர்களிலிருந்து வேலைக்கு வந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் காய்ச்சலால் மடிந்தனர். அங்கே வேலைக்குச் செல்லவே மக்கள் அஞ்சினர். வாட்சனின் வழிகாட்டலில் அங்கும் சதுப்பு நிலங்களில் வடிகால்கள் அமைக்கப்பட்டன. கிள்ளானில் கற்ற பாடம் கண்டம் கடந்து உயிர்களைக் காத்தது.

சர் மால்கம் வாட்சன் 1955ஆம் ஆண்டில், தமது 82ஆம் வயதில் காலமானார்.

நமக்கான பாடம்

போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயர் 1972ஆம் ஆண்டில் கிள்ளான் துறைமுகம் என மாற்றப்பட்டது. அன்று மலேரியா வாட்டிய மேட்டு நிலத் தோட்டங்கள் இருந்த பகுதிகளில் ஷா ஆலம், சுபாங் ஜெயா போன்ற நகரங்கள் எழுந்துள்ளன. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவழிப் பரவும் மலேரியா, 2018ஆம் ஆண்டில் உள்நாட்டில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை என்ற நிலையை மலேசியா எட்டியது.

ஆனால், பிழைப்புத் தேடி வருவோர் இன்றும் வருகின்றனர். வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம், மியன்மார், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் நம் கட்டடங்களை எழுப்புகின்றனர்; தொழிற்சாலைகளில் உழைக்கின்றனர். லயத்தின் இடத்தில் இன்று தொழிலாளர் விடுதி நிற்கிறது. கோவிட்-19 பெருந்தொற்றின்போது, நெரிசலான விடுதிகளில் நோய் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதை மலேசியாவும் சிங்கப்பூரும் கண்டன.

தொழிலாளர் தங்குமிடங்களின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் மலேசியாவில் 1990ஆம் ஆண்டு முதல் உள்ளது. தொடக்கத்தில் தோட்டங்களையும் சுரங்கங்களையும் மனத்தில் கொண்டு இயற்றப்பட்ட அச்சட்டம், 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, எல்லாத் துறைத் தொழிலாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஊராட்சி மன்றங்களும் சுகாதாரத் துறையும் கட்டுமானத் தளங்களில் நீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகாதவாறு கண்காணிக்கின்றன. நூறாண்டுகளுக்கு முன் கிள்ளான் சுகாதார வாரியம் ஆற்றிய கடமையின் தொடர்ச்சியே இது.

நோயுற்றவர் யார் என்று கேட்பதோடு நிற்காமல், அவர் எங்கே வேலை செய்கிறார், எங்கே உறங்குகிறார் என்று கேட்டவர் வாட்சன். கணக்கேட்டில் குறைந்துகொண்டே வந்த வரிசையைக் கண்டு மகிழ்ந்ததோடு, ஏறிக்கொண்டே போன வரிசையையும் அவர் மறைக்காமல் காட்டினார். நம் ஊரின் நலனைக் கணக்கிடும்போது, அந்த இரண்டாவது வரிசையில் இருப்பவர்கள் யார் என்று நாமும் கேட்டுப் பார்க்க வேண்டும். கொசு நகர எல்லையை அறியாது. அதைத் தடுக்கும் நம் அக்கறையும் எல்லைக்கோட்டில் நின்றுவிடக் கூடாது.